பழைய நிரலும் புதிய கணினியும்

இங்கிலாந்து நாட்டை வென்று அரியணை ஏறிய முதலாம் வில்லியம் என்னும் மன்னன், 1085-ஆம் ஆண்டின் இறுதியில் தன் அவையினரைக் கூட்டி ஓர் அரிய ஆணையைப் பிறப்பித்தான். தன் ஆட்சிக்குட்பட்ட நிலம் எவ்வளவு, அதனை உடையவர் யாவர், உழும் ஏர்கள் எத்தனை, ஆலைகள் எத்தனை, அரசுக்குச் சேர வேண்டிய வரி எவ்வளவு என்பனவற்றை ஊர்தோறும் சென்று கேட்டு எழுதி வருமாறு அலுவலரை ஏவினான். அவர்கள் 1086-ஆம் ஆண்டில் திரட்டிய செய்திகளே 'டூம்ஸ்டே நூல்' என்னும் பெயரால் இன்றளவும் வழங்குகின்றன. பதப்படுத்திய ஆட்டுத் தோலில், இலத்தீன் மொழியில், மைகொண்டு எழுதப்பட்டது அந்நூல். இலண்டன் மாநகரின் கியூ என்னும் பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அது போற்றிக் காக்கப்படுகிறது. இலத்தீன் மொழியும் அக்காலத்து எழுத்துமுறையும் அறிந்த எவரும் இன்றும் அதனைப் படித்துப் பொருள் கொள்ளலாம்.

அந்நூல் தோன்றித் தொள்ளாயிரம் ஆண்டுகள் நிறைவெய்திய 1986-ஆம் ஆண்டில், பி.பி.சி. என்னும் ஒலிபரப்பு நிறுவனத்தார் ஒரு புதிய டூம்ஸ்டே தொகுப்பை உருவாக்கினர். முன்பு அரசனுடைய அலுவலர் செய்த பணியை இம்முறை பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளே செய்தனர். நாடு முழுவதும், 4 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் அகலமும் உள்ள கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு பள்ளியோ உள்ளூர்க் குழுவோ ஏற்றுக்கொண்டு, தம் ஊரின் இயல்பையும் தம் அன்றாட வாழ்க்கையையும் எழுதியது; படங்கள் எடுத்தும் அனுப்பியது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இப்பணியிற் பங்கு கொண்டனர். அவர்கள் அனுப்பிய செய்திகள் ஏறத்தாழ 1,48,000 பக்கங்கள். படங்கள் ஏறத்தாழ 23,000. நாடெங்கிலுமிருந்து திரட்டிய பிற புள்ளிவிவரங்களோடு இவையனைத்தும் இரண்டு ஒளிவட்டுகளில் அடக்கப்பட்டன.

அக்காலத்துக்கு அஃது ஒரு வியத்தகு சாதனையே. ஆயினும், அவ்வட்டுகளைப் படிப்பதற்குத் தனியே ஒரு கருவி வேண்டியிருந்தது. அக்கருவியை இயக்குதற்கு ஏக்கான் நிறுவனத்தாரின் பி.பி.சி. மாஸ்டர் என்னும் கணினியும் வேண்டியிருந்தது. விலை மிகுதியால் பல பள்ளிகள் அவற்றை வாங்கவில்லை. ஆண்டுகள் சென்றன. அந்தக் கணினியைச் செய்வாரும் இல்லை. அந்தக் கருவியைப் பழுது பார்ப்பாரும் அரியராயினர். 2002-ஆம் ஆண்டு வந்தபோது அறிஞர்கள் ஒரு விந்தையான உண்மையைக் கண்டு கவலை கொண்டனர். ஆட்டுத் தோலில் எழுதிய 916 ஆண்டுப் பழைமையுடைய நூலைப் படிக்க முடிகிறது. பதினாறே ஆண்டுகளுக்கு முன் ஒளிவட்டில் பதித்த நூலைப் படிக்க முடியாமற் போகும் நிலை வந்துவிட்டது!

மாணவர்களே, இஃது ஏன் நேர்ந்தது? இதற்கு மாற்று உண்டா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

முதலில் நிரல் என்பது யாது எனத் தெரிந்துகொள்வோம். கணினி தானாக ஒன்றையும் செய்யாது. 'இந்த எண்ணை எடு, அந்த எண்ணோடு கூட்டு, விடையை இவ்விடத்தில் வை' என்றாற் போன்ற கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக இட்டால், அவற்றை வழுவாது நிறைவேற்றும். அத்தகைய கட்டளைகளின் தொகுதியே நிரல். மென்பொருள் என்று நாம் வழங்குவதும் இதனையே. கட்டளைகளை நிறைவேற்றும் உறுப்புக்கு நுண்செயலி என்று பெயர். ஒவ்வொரு வகை நுண்செயலிக்கும் உரிய கட்டளை மொழி ஒன்று உண்டு. ஒரு வகைக்கு எழுதிய கட்டளை மற்றொரு வகைக்கு விளங்காது. அம்மொழி முழுவதும் எண்களால் ஆயது. ஓர் எண் ஒரு நுண்செயலிக்குக் 'கூட்டு' என்று பொருள்பட்டால், வேறொன்றுக்கு 'நிறுத்து' என்று பொருள்படலாம்.

நிரலுக்கும் பொறிக்கும் நடுவே நின்று ஆட்சி புரிவது இயக்க முறைமை. இதனை ஓர் உவமையால் விளக்கலாம். வழிப்போக்கர் தங்கும் ஒரு சத்திரத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே அறைகளும் கிணறும் சமையற்கட்டும் உள்ளன. அவற்றையெல்லாம் ஒரு மணியக்காரர் மேற்பார்க்கிறார். வருகின்றவர், 'தங்க ஓர் அறை வேண்டும். குளிக்க நீர் வேண்டும்' என்று அவரிடம் கேட்கின்றனர். அவர் இன்னாருக்கு இன்னது என்று பகிர்ந்து கொடுக்கின்றார். கணினியே அச்சத்திரம், நிரல்களே வழிப்போக்கர், இயக்க முறைமையே மணியக்காரர். நினைவகத்தில் இடம் வேண்டுமாயினும், திரையில் ஓர் எழுத்துத் தோன்ற வேண்டுமாயினும், அச்சிட வேண்டுமாயினும், நிரலானது இயக்க முறைமையைக் கேட்டுப் பெறுதலே முறை.

ஆனால், தொடக்க காலத்தில் இம்முறை அவ்வளவாகப் பேணப்படவில்லை. 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட சொந்தக் கணினியில் டாஸ் என்னும் எளிய இயக்க முறைமை இருந்தது. அக்கணினியில் ஒரு வேளைக்கு ஒரு நிரல்தான் இயங்கும். ஆதலின், அந்நிரல் மணியக்காரரைக் கேளாமலே சமையற்கட்டில் நுழைந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளும் விருந்தினனைப் போலத் திரையையும் பிற உறுப்புகளையும் நேரே தொட்டு வேலை வாங்கியது. அவ்வாறு செய்தால் விரைவு மிகுந்தது, தடுப்பாரும் இல்லை. பின்னர், ஒரே கணினியில் பல நிரல்கள் ஒருங்கே இயங்கும் காலம் வந்தது. ஒருவர் பொருளை மற்றொருவர் தொடாதவாறு காக்க வேண்டிய கடமை இயக்க முறைமைக்கு ஏற்பட்டது. புதிய மணியக்காரர் சமையற்கட்டைப் பூட்டிவிட்டார். பழைய வழக்கப்படி உள்ளே நுழைய முயன்ற நிரல்கள் வாயிலிலேயே தடுக்கப்பட்டன.

பொறியும் மாறிக்கொண்டே வந்தது. 1978-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8086 என்னும் நுண்செயலி, 16 பிட் அளவுள்ள எண்களைக் கையாண்டது. 1985-இல் வந்த 80386 அதனை 32 பிட் ஆக்கியது. 2003 முதல் 64 பிட் நுண்செயலிகள் சொந்தக் கணினிகளிலும் பரவலாயின. இவை ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்துப் பிறந்தவை. 80386-ஐ அமைத்தவர்கள், முதியோரை மறவாத நன்மக்களைப் போல, அது வேண்டும்போது பழைய 8086 போலவே நடந்துகொள்ளவும் வழி செய்திருந்தனர். ஆனால், நுண்செயலி 64 பிட் நிலையில் இயங்கும்போது அவ்வழி அடைபட்டு விடுகிறது. ஆகையால், 64 பிட் விண்டோஸ் முறைமையில் பழைய டாஸ் நிரல்கள் நேரே இயங்குவதில்லை. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11, சொந்தக் கணினிகளுக்கு 64 பிட் வடிவில் மட்டுமே கிடைக்கின்றது. பழைய நிரலில் ஒரு குற்றமும் இல்லை. அதனை ஏற்பதற்குரிய இல்லம் மறைந்துவிட்டது என்பதே உண்மை.

இந்நிலையில் பழைய நிரலை இயக்குதற்கு என்ன வழிகள் உள்ளன? அவற்றை ஐந்தாகப் பகுத்துக் காண்போம்.

முதல் வழி, பழைய கணினியையே பேணி வைத்துக்கொள்ளுதல். இது யாவருக்கும் உடனே தோன்றக்கூடியது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்னும் புகழ்பெற்ற அமெரிக்கக் கதாசிரியர், டாஸ் இயங்கும் பழைய கணினியில், வேர்டுஸ்டார் 4.0 என்னும் சொற்செயலி நிரலைக் கொண்டே தம் கதைகளை எழுதுவதாக 2014-ஆம் ஆண்டில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியிற் கூறினார். அந்நிரல் தாம் விரும்பியதை மட்டும் செய்கிறது, வேறொன்றிலும் தலையிடுவதில்லை என்பது அவர் கருத்து. இவ்வழி எளிது, ஆயினும் நிலையானது அன்று. கணினியின் உறுப்புகள் ஆண்டு செல்லச் செல்லத் தேய்கின்றன. நெகிழ்வட்டுகளின் காந்தப் பூச்சு நாளடைவில் வலுவிழக்கிறது. மாற்று உறுப்புகளும் கிடைப்பதில்லை. டூம்ஸ்டே ஒளிவட்டுகளுக்கு நேர்ந்தது இதுவே.

இரண்டாம் வழி, புதிய கணினியைச் செய்வோரே பழைய நிரல்களுக்கு இடம் வைத்துச் செய்தல். இத்துறையில் முன்னோடியாக விளங்கியது ஐ.பி.எம். நிறுவனம். 1964-ஆம் ஆண்டு ஏப்பிரல் 7-ஆம் நாள் அந்நிறுவனம் சிஸ்டம் 360 என்னும் கணினிக் குடும்பத்தை அறிவித்தது. அதற்கு முன்பெல்லாம் புதிய கணினி வாங்கினால் நிரல்களைப் புதிதாக எழுத வேண்டும். சிஸ்டம் 360 குடும்பத்திலோ சிறிய கணினிக்கு எழுதிய நிரல் பெரிய கணினியிலும் இயங்கியது. அதற்கு முன்பே விற்பனையாகிய 1401 என்னும் கணினியை வைத்திருந்தோர், 'எங்கள் நிரல்களின் கதி என்ன?' என்று கேட்டனர். புதிய கணினி 1401 போலவே நடந்துகொள்வதற்கும் அந்நிறுவனத்தார் வழி வகுத்துக் கொடுத்தனர். அன்று தோன்றிய நன்மரபு இன்றும் தொடர்கிறது. 1960-களில் சிஸ்டம் 360-க்கு எழுதிய பயன்பாட்டு நிரல்கள், ஐ.பி.எம். இன்று செய்யும் பெருங்கணினிகளிலும் இயங்க வல்லன.

விண்டோஸ் முறைமையை அமைத்தோரும் இதில் மிகவும் பாடுபட்டனர். அதற்கு ஒரு சான்று கூறுவோம். சிம்சிட்டி என்னும் நகரமைப்பு விளையாட்டு நிரலில் ஒரு பிழை இருந்தது. நினைவகத்தில் தனக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த இடத்தை, அந்நிரல் உடனே மறுபடியும் சென்று பயன்படுத்தியது. அறையைக் காலி செய்துவிட்டுப் புறப்பட்டவன், விட்டுப்போன பொருளை எடுக்க மீண்டும் அவ்வறையில் நுழைவதைப் போன்றது இது. டாஸ் காலத்தில் அவ்வறை வெறுமையாகவே கிடந்தது. ஆதலின் தீங்கு நேரவில்லை. விண்டோஸ் முறைமையிலோ அவ்வறை உடனே வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிடும். 1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95-ஐ அமைத்தவர்கள் என்ன செய்தனர் தெரியுமா? இயங்குவது சிம்சிட்டிதானா என்று பார்த்து, ஆம் எனின், அது திருப்பித் தந்த இடத்தைச் சிறிது நேரம் பிறருக்குக் கொடாமல் வைத்திருக்குமாறு முறைமையையே திருத்தினர். ஜோயல் ஸ்போல்ஸ்கி என்னும் நிரலாளர் இச்செய்தியை எழுதி உலகறியச் செய்தார்.

பிறர் செய்த பிழைக்கு இவர்கள் ஏன் வருந்தி உழைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். புதிய முறைமையை வாங்கியவர் தம் பழைய நிரல் இயங்காதது கண்டால், நிரலைக் குறை கூறார்; முறைமையையே குறை கூறுவர். ஆகவே இப்பொறுமை வணிகத்துக்கும் வேண்டியதாயிற்று. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி முதல், 'ஒத்தியங்கு நிலை' என்னும் வசதியும் மக்கள் கையில் கொடுக்கப்பட்டது. சில நிரல்கள் தொடங்கும்போதே, 'நீ எந்த விண்டோஸ்?' என்று முறைமையைக் கேட்கும். தாம் அறியாத எண்ணை விடையாகப் பெற்றால் இயங்க மறுக்கும். இவ்வசதியைப் பயன்படுத்தினால், புதிய முறைமை, 'நான் விண்டோஸ் 95' என்று விடை கூறும். நிரலும் நம்பி இயங்கத் தொடங்கும். நிரலின் படக்குறியை வலப்பொத்தானால் தொட்டு, அதன் பண்புகளைத் திறந்து, எந்தப் பழைய முறைமை வேண்டுமோ அதனைத் தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாம் வழியே இவற்றுள் மிக விந்தையானது. அது பழைய கணினியைப் போலவே நடிக்கும் ஒரு நிரலைப் புதிய கணினியில் எழுதி இயக்குதல். இத்தகைய நிரலை எமுலேட்டர் என்பர். அது பழைய நிரலின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுக்கிறது. 'இக்கட்டளையைக் கண்டால் பழைய நுண்செயலி என்ன செய்யும்?' என்று ஆராய்கிறது. அதனைப் புதிய நுண்செயலியின் கட்டளைகளால் செய்து முடிக்கிறது. பழைய திரை, பழைய விசைப்பலகை, பழைய ஒலிக்கருவி ஆகிய அனைத்தையும் அவ்வாறே நடித்துக் காட்டுகிறது. பழைய நிரல் தான் 1985-ஆம் ஆண்டுக் கணினியில் இருப்பதாகவே கொண்டு இயங்குகிறது. டாஸ் நிரல்களுக்காக 2002-இல் வெளியிடப்பட்ட டாஸ்பாக்ஸ் இவ்வகையைச் சார்ந்தது. விலை கொடாமலே எவரும் இதனைப் பெறலாம்.

ஒரு கட்டளைக்குப் பதில் பல கட்டளைகளைச் செய்ய வேண்டியிருப்பதால் எமுலேட்டர் மெல்லத்தானே இயங்கும் என்னும் ஐயம் எழலாம். உண்மையே. ஆனால், முதல் ஐ.பி.எம். சொந்தக் கணினியின் நுண்செயலி நொடிக்கு 47 இலட்சத்து 70 ஆயிரம் துடிப்புகளே கொண்டது. இன்றைய நுண்செயலிகளோ நொடிக்கு 300 கோடித் துடிப்புகளுக்கும் மேற்செல்லுகின்றன. எனவே நடிப்பதற்காகும் வீண் செலவைப் பொறுத்தும் விரைவு மிஞ்சுகிறது. சில இடங்களில் விரைவே இடையூறும் ஆகிறது! பழைய விளையாட்டு நிரல்கள் சில, நுண்செயலியின் விரைவையே கடிகாரமாகக் கொண்டு எழுதப்பட்டவை. அவற்றைப் புதிய கணினியில் இயக்கினால், மெல்ல நகர வேண்டிய ஊர்தி கண்ணிமைப்பதற்குள் ஓடி மறையும். அதனால், டாஸ்பாக்ஸ் நிரலில் விரைவைக் குறைக்கவும் விசைகள் அமைத்துள்ளனர்.

நான்காம் வழி மொழிபெயர்ப்பைப் போன்றது. நுண்செயலி ஒன்றே, இயக்க முறைமை மட்டும் வேறு என்று வைத்துக்கொள்வோம். அப்போது நுண்செயலியை நடித்துக் காட்ட வேண்டுவதில்லை. நிரல் கேட்கும் கேள்விகளுக்குப் பழைய முறைமையின் வாய்பாட்டிலேயே விடை கூறினால் போதும். விண்டோஸ் நிரல்களை லினக்ஸ் முறைமையில் இயக்குதற்காக 1993-இல் தொடங்கிய வைன் என்னும் முயற்சி இத்தகையது. உலகெங்குமுள்ள தொண்டர் பலர் பதினைந்து ஆண்டுகள் உழைத்த பின்னரே 2008-இல் அதன் 1.0 பதிப்பு வெளிவந்தது. ஆப்பிள் நிறுவனம் தன் மக்கின்டோஷ் கணினிகளின் நுண்செயலியை 2006-லும் மீண்டும் 2020-லும் மாற்றியபோது, ரொசெட்டா என்னும் மொழிபெயர்ப்பு நிரலை உடன் அளித்தது. அது கட்டளைகளையே ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்த்துத் தருவது. எகிப்தில் 1799-இல் கண்டெடுத்த, மூன்று வகை எழுத்தில் ஒரே செய்தியைத் தாங்கிய கல்லின் பெயரை அதற்கு இட்டது பொருத்தமே. ஆனால், முதல் ரொசெட்டா 2011-இல் வந்த முறைமையில் இடம் பெறவில்லை. அதனையே நம்பியிருந்த நிரல்கள் மீண்டும் வீடிழந்தன. இத்தகைய துணைகள் மாறிச் செல்வோர்க்கு அமைத்த பாலங்களே. நிலையான இல்லங்கள் அல்ல என்பதை இதனால் அறியலாம்.

ஐந்தாம் வழி, வீட்டுக்குள் ஒரு வீடு கட்டுதல். ஒரு கணினிக்குள்ளே மற்றொரு கணினி இருப்பதாகக் காட்டி, அதில் பழைய இயக்க முறைமையை முழுதும் நிறுவிக்கொள்ளலாம். இதற்கு மெய்நிகர் கணினி என்று பெயர். ஐ.பி.எம். நிறுவனத்தார் 1972-ஆம் ஆண்டிலேயே பெருங்கணினிகளுக்கு இம்முறையை வணிகமாக அளித்தனர். 1999-க்குப் பின் சொந்தக் கணினிகளிலும் இது பரவியது. வெளியே புதிய முறைமை இயங்கிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு சாளரத்தில் விண்டோஸ் எக்ஸ்பி தன் பழைய நிரல்களோடு இயங்குவதை இவ்வகையிற் காணலாம். உள்வீட்டில் எது கெட்டாலும் வெளிவீட்டுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. முன்னரே எடுத்து வைத்த படியைக்கொண்டு அதனை மீண்டும் அமைத்துக்கொள்ளலாம்.

பழையதை இயக்குவோர் கருத்தில் வைக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பழைய இயக்க முறைமைகளில் காணப்படும் ஓட்டைகளை ஒரு காலத்துக்குப் பின் எவரும் அடைப்பதில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014-ஆம் ஆண்டிலும், விண்டோஸ் 10-க்கு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளிலும் பொது ஆதரவு முடிந்தது. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில், 'வானாகிரை' என்னும் தீய நிரல், திருத்தம் இடப்பெறாத கணினிகளில் புகுந்து பல நாடுகளை அலைக்கழித்தது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவும் அல்லலுற்றன. ஆகையால், பழைய முறைமையை இணையத்தோடு இணையாமல் தனியே வைத்து இயக்குவதே அறிவுடைமை. மேலும், நிரல் பழையதாகிவிட்டதனாலேயே அதன் உரிமை நீங்கிவிடுவதில்லை. உரியவர் விட்டுக்கொடுத்தாலன்றிப் பிறர் நிரலைப் படியெடுத்து வழங்குதல் முறையன்று. சொந்தக் கணினிகளுக்கான முதல் விரிதாள் நிரலாகிய விசிகால்க்கை 1979-இல் ஆக்கிய இருவருள் ஒருவராகிய டான் பிரிக்ளின், உரிமை பெற்ற நிறுவனத்தாரிடம் இசைவு வாங்கிய பின்னரே, அதன் 1981-ஆம் ஆண்டுப் பதிப்பை மக்கள் இலவசமாகப் பெறுமாறு வெளியிட்டார். ஏறத்தாழ 27 ஆயிரம் பைட்டுகளே உள்ள அச்சிறு நிரல் இன்றும் இயங்குகிறது!

இனி, டூம்ஸ்டே ஒளிவட்டுகளின் கதைக்கு மீள்வோம். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரும் 'காமிலியான்' என்னும் திட்டத்தின் கீழ் ஒன்று கூடினர். இயங்கும் நிலையில் எஞ்சியிருந்த கருவியைக் கொண்டு வட்டிலுள்ள செய்திகளைப் புதிய கணினிக்கு மாற்றினர். பழைய பி.பி.சி. கணினியைப் போலவும் அந்த ஒளிவட்டுக் கருவியைப் போலவும் நடிக்கும் எமுலேட்டரை உருவாக்கினர். 2002-ஆம் ஆண்டின் இறுதியில், 1986-இல் பிள்ளைகள் எழுதிய பக்கங்கள் அவர்கள் எழுதியபடியே புதிய கணினித் திரையில் தோன்றின. 2011-இல் பி.பி.சி. நிறுவனம் ஊர்ச் செய்திகளை இணையத்தில் வெளியிட்டது. எழுதிய நாளில் ஒளிவட்டைக் காணும் வாய்ப்புப் பெறாத பலர், நடு வயதை எட்டிய பின், தம் இளமைக் காலத்து ஊரைப் பற்றிய பக்கங்களைப் படிக்கும் பேறு பெற்றனர். அந்த இணையத்தளமும் 2018-இல் மூடப்பட்டது. நல்வினையாக அதன் படி ஒன்று தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையக் காப்பில் உள்ளது. பழைய டூம்ஸ்டே நூலைக் காக்கும் அக்காப்பகமே புதியதற்கும் புகலிடமாயிற்று. ஒரு முறை காப்பாற்றினால் போதாது. தலைமுறைதோறும் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இஃது அயல்நாட்டார் கவலை என்று நாம் இருந்துவிடலாகாது. தமிழைக் கணினியில் எழுதத் தொடங்கிய காலத்தில், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவையும் குறியீட்டு முறையையும் வகுத்துக்கொண்டது. ஓர் எழுத்துருவில் 'க' என்று தோன்றும் எண், மற்றொன்றில் 'ம' என்று தோன்றும். உரிய எழுத்துரு இல்லாத கணினியிலோ, தமிழ்க் கட்டுரை முழுவதும் பொருளற்ற அயலெழுத்துக் குவியலாகக் காட்சியளிக்கும். 1991-இல் வெளிவந்த யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழும் இடம் பெற்றது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டுக்குப் பின் தமிழ்நாட்டு அரசு விசைப்பலகையையும் குறியீட்டையும் ஒழுங்குபடுத்தியது. 2010-இல் யூனிகோட்டையும் ஏற்றுக்கொண்டது. ஆயினும், அதற்கு முன் தட்டெழுதிய எத்தனையோ நூல்களும் கடிதங்களும் பழைய வட்டுகளில் உறங்குகின்றன. அவற்றைத் திறக்க அக்காலத்து நிரலோ எழுத்துருவோ வேண்டும். திறந்த பின் பொதுக் குறியீட்டுக்கு மாற்றிவிடல் வேண்டும். இன்று செய்யத் தவறினால், நாளை செய்வதற்கு வட்டும் இராது. வழி அறிந்தவரும் இரார்.

பழைய நிரல் ஒவ்வொன்றையும் காத்தல் வேண்டுமா என்பதும் எண்ணத் தக்கது. கணக்கெழுதும் பழைய நிரலினும் நல்ல நிரல் இன்று கிடைக்குமாயின், கணக்கை அதற்கு மாற்றிவிட்டுப் பழையதை ஓய்வெடுக்க விடலாம். செய்தியே நமக்கு வேண்டுவது. நிரல் அதனை அடைத்து வைத்த பெட்டி. ஆனால், சிற்சில இடங்களில் பெட்டியைத் திறக்கும் சாவியும் அந்நிரலே ஆகிறது. வேறு சில இடங்களில் நிரலே கலைப்பொருளாகிறது. 2015-ஆம் ஆண்டில் இணைய ஆவணக் காப்பகம் ஏறத்தாழ 2,400 டாஸ் விளையாட்டு நிரல்களை உலாவியிலேயே இயக்கிப் பார்க்குமாறு வெளியிட்டது அதனாலேயே. எதனைக் காப்பது, எதனை விடுப்பது என்று தெளிதல் அறிவுடையோர் கடமை. அத்தெளிவு பிறக்கும் வரையிலேனும் பழையதை அழியாமல் வைத்திருத்தல் நலம்.

மாணவர்களே, நீங்களும் இன்று கணினியிலும் கைப்பேசியிலும் எழுதுகிறீர்கள், படம் எடுக்கிறீர்கள், நண்பரோடு உரையாடுகிறீர்கள். அவையெல்லாம் ஏதோ ஒரு நிரலை நம்பியே வாழ்கின்றன. போற்றத்தக்கவற்றைப் பலரும் அறிந்த பொது வடிவில் சேமியுங்கள். ஒன்றுக்கு இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். புதிய கருவி வாங்குந்தோறும் பழையதிலுள்ளவற்றை அதற்கு மாற்றுங்கள். மாற்றியவை திறக்கின்றனவா என்று பாருங்கள். 1986-இல் தம் ஊரைப் பற்றி எழுதிய பிள்ளைகள் உங்களைப் போன்ற பள்ளிச் சிறாரே. பிறர் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் எடுத்துக்கொண்ட முயற்சியாலேயே அவர்கள் எழுத்து இன்று வாழ்கிறது. உங்கள் எழுத்தும் வாழ வேண்டுமாயின், அம்முயற்சியை நீங்கள் இன்றே தொடங்குதல் வேண்டும்.